சோப்பு உதிர்ந்துபோனதற்கு வெயில் காரணமா, பாக்கெட் எண்ணெய் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்தில் வீட்டிலேயே சோப்பு செய்கிறீர்கள். முதல் தடவை செக்கில் கிலோக் கணக்கில் எண்ணெய் வாங்கி, தேங்காய் எண்ணெய் 500, நல்லெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 150 கிராம் என்று செய்தீர்கள், அருமையாக வந்தது. இரண்டாம் தடவை அதே அளவு, எண்ணெய் மட்டும் கடையில் பாக்கெட்டாக வாங்கி மில்லியில் அளந்து ஊற்றியிருக்கிறீர்கள். மேலே வெள்ளைப் பூச்சு படிந்து, வெட்டும்போது உதிர்ந்து, கை கழுவினால் சுள்ளென்று எரிகிறது. மூன்றாவது, மல்லிகைப்பூவும் மஞ்சளும் போட்டது, பழுப்பாகி இரண்டு மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஒருவர் சித்திரை வெயில் என்கிறார், ஒருவர் பாக்கெட் எண்ணெயில் கலப்படம் என்கிறார், மாமியார் கைராசி என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இதைத் தூக்கிப் போடவா, குளிக்கலாமா, பிள்ளைக்குப் போடலாமா. அதுதான் அவசரமானது, இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு சிறிய சோப்பு ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். இப்போது வீட்டளவில் செய்கிறேன், செய்பவர்கள் சிலர் தங்கள் சோப்பைக் கொண்டுவந்து காட்டுவார்கள். உங்கள் கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வருவதை உறுதியாகச் சொல்கிறேன், மற்றதை ஊகம் என்றே சொல்கிறேன்.

இரண்டாவது சோப்பில் என் சந்தேகம் முழுக்க அந்த மில்லியின் மேல்தான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு கிலோ இருக்காது, 915 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். விளக்கெண்ணெய் மட்டும் கொஞ்சம் கனம், 960 பக்கம் வரும். பாக்கெட்டிலேயே லிட்டருக்குப் பக்கத்தில் கிராமும் போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். அப்படியானால் நீங்கள் ஊற்றியது 500, 400, 100 கிராம் இல்லை. சுமார் 457, 366, 96 கிராம். மொத்தம் ஒரு கிலோவுக்கு 80 கிராம் குறைவு. இப்போது காஸ்டிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயை முழுசாகச் சோப்பாக்க 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. முதல் தடவை கிலோக் கணக்கில் வாங்கியதற்கு இதைப் பெருக்கினால் மொத்தம் 158 கிராம் வரும். நீங்கள் போட்டது 150, அதாவது 5 சதவீதம் குறைவாக. அந்த 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும், அதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள், தோலுக்கு மென்மையும் அதுதான், அளவில் சின்னத் தவறு நடந்தால் காப்பதும் அதுதான். இரண்டாம் தடவை ஊற்றிய எண்ணெய்க்கு முழுத் தேவையே 145 கிராம்தான். நீங்கள் போட்டது 150. தின்ன எண்ணெய் இல்லாமல் காஸ்டிக் மிஞ்சிவிட்டது. உதிர்வதும் எரிவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பாக்கெட் எண்ணெயின் மேல் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, கைராசிக்கும் இதில் வேலை இல்லை.

இது கணக்கு, இதில் பெரிதாக மாற்றம் வராது. மாறக்கூடியவை வேறு சில. காஸ்டிக் சோடா செதில் முழுக்க நூறு சதவீதம் இருக்காது, நல்ல சரக்கு 98 பக்கம் இருக்கும். டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு இன்னும் வீரியம் குறையும். உங்களுடையது பழைய டப்பா என்றால் மிச்சமான காஸ்டிக் நான் சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம். மறுபக்கம், சமையலறைத் தராசு சிலது சின்ன எடையில் ஐந்து கிராம் தப்பு காட்டும், அது எந்தப் பக்கம் தப்பியது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. எடை நிச்சயமாகத் தெரிந்த ஏதாவது ஒரு பொருளை வைத்துச் சோதித்துப் பாருங்கள், புது நாணயம் நாலைந்து இருந்தால்கூடப் போதும். சின்ன எடைக்கென்று ஒரு கிராமுக்கும் குறைவான வித்தியாசத்தைக் காட்டும் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலில் வேறு எந்தச் செலவுக்கு முன்னாலும் அதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

உதிர்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கும் சோப்பு சீக்கிரம் இறுகும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். அச்சில் ஊற்றி மறுநாள் சாயங்காலம் வரை விட்டுவிட்டு வெட்டினால் நல்ல சோப்பே விளிம்பில் பொடிந்து விழும். ஆனால் அது எரியாது. உங்களுடையது எரிகிறது என்பதால்தான் காஸ்டிக் பக்கம் போகிறேன். மேலே படிந்த வெள்ளைப் பூச்சும் தனியாகப் பார்க்கவேண்டியது. மேல்தோலில் மட்டும் மெல்லிசாக மாவு போலப் படிந்து, கத்தியால் சுரண்டினால் உள்ளே நல்ல சோப்பு இருந்தால் அது காற்றோடு சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட், பயப்பட ஒன்றும் இல்லை. தண்ணீர் அதிகமாகிப் போனாலும் ஊற்றியதும் மூடி வைக்காவிட்டாலும் இது வரும். வெட்டிய முகத்தில், நடுவில் வெள்ளைப் புள்ளியாகவோ, ஈரக் குழியாகவோ இருந்தால்தான் கலக்கம். அது கரையாமல் தங்கிய காஸ்டிக்.

இதை வீட்டில் எப்படிச் சோதிப்பது? சோப்பு ஊற்றி நாலு நாள் கழிந்த பிறகு, விரலை நனைத்துச் சோப்பின் மேல் தேய்த்து, அந்த விரலை மட்டும் நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சோப்புச் சுவை மட்டும் வந்தால் சரி. சுரீர் என்று பிடித்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது, உடனே வாய் கொப்பளியுங்கள். ஈரம் கசிகிற கட்டியில் இதைச் செய்யவே கூடாது, உங்கள் இரண்டாவது சோப்பு கையிலேயே எரிகிறது என்பதால் அதிலும் வேண்டாம், அது ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு மூன்று இடத்தில் பார்க்கவேண்டும், ஏனென்றால் சரியாகக் கலக்காத சோப்பில் ஒரு மூலை நன்றாக இருந்து இன்னொரு மூலை எரியும். மஞ்சள் தடவிப் பார்த்தால் போதும், சிவந்தால் கெட்டது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அதை நம்பாதீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது இல்லையா, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நல்ல சோப்பே பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும் காரம்தான், அதிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும். நல்லதையும் கெட்டதையும் அது பிரித்துக் காட்டாது. கடையில் விற்கும் பி.எச். தாளும் சோப்பில் அவ்வளவு நம்பகம் இல்லை. உறுதியாக வேண்டுமென்றால் ஆல்கஹாலில் கரைத்து, மிச்சக் காஸ்டிக் இருந்தால் இளஞ்சிவப்பாகிற ஃபினால்ஃப்தலீன் என்ற திரவம் விட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ஆய்வகத்தில் செய்து தருவார்கள்.

இரண்டாவது சோப்பைத் தூக்கிப் போடவேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு துருவி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அதைக் கொதிக்கும் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். நூறு மில்லி சுமாருக்கு நல்ல தண்ணீர் தெளித்துக் குறைந்த தீயில் வேகவிடுங்கள். குறைந்துபோன எண்ணெயை இப்போது எடை போட்டுச் சேர்க்கவேண்டும்: தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் 70 கிராம், அது உங்களைப் பழைய 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மூன்று எண்ணெயும் அதே விகிதத்தில் என்றால் 80 கிராம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அவ்வப்போது கிளறினால் மெழுகு போல மினுமினுப்பாக வரும். ஒரு துளி எடுத்து ஆறவைத்து, நாக்கில் பார்த்துச் சரியானதும் அச்சில் அமுக்கி வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, மேடும் பள்ளமுமாகத்தான் வரும். ஆனால் குளிக்க நன்றாக இருக்கும். எடை எதுவுமே நினைவில் இல்லாத சோப்பு என்றால் இப்படிக் காப்பாற்ற முயலாதீர்கள், அதைத் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் கையுறையோடு பயன்படுத்திவிடுங்கள்.

மூன்றாவது சோப்புக்கு வருகிறேன், அது ஆபத்து இல்லாத, ஆனால் மனசுக்குக் கஷ்டமான தோல்வி. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்த வாசனையைச் சோப்பில் பிடித்துவைக்க ஆசைப்படாதவர் இந்த ஊரில் சோப்பு செய்பவர்களில் யாரும் இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து பை பையாக வாங்கிப் போட்டுப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பூவின் இதழ் காஸ்டிக்கில் பட்டால் ஒரே நாளில் கறுத்துப்போகும், அதைத் தடுக்க வழி இல்லை. வாசனையும் போய்விடும், ஏனென்றால் மல்லிகை மணத்தில் பெரும் பங்கு பென்சைல் அசிடேட் என்கிற எஸ்டர், காரத்தில் எஸ்டர்கள் உடைந்துவிடும். எண்ணெயை உடைத்துச் சோப்பாக்குகிற அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. பூவை எண்ணெயில் பல நாள் ஊறவைத்து அந்த எண்ணெயில் சோப்பு செய்தாலும் இதே கதை. வாசனை வேண்டுமென்றால் சோப்புக்கென்று விற்கும் மல்லிகை வாசனை எண்ணெயை எண்ணெய் எடையில் 2 முதல் 3 சதவீதம், ட்ரேஸ் வந்தபிறகு சேர்ப்பதுதான் நடைமுறை. ட்ரேஸ் என்பது தோசை மாவுப் பதம், கரண்டியிலிருந்து விழுந்த கோடு மேலேயே நின்றால் வந்துவிட்டது. அதிலும் இண்டோல் என்கிற மணப்பொருள் உள்ளது என்றால் நாளாக ஆகப் பழுப்பேறும். வாசனையைக் கொஞ்சம் சோப்புக் கலவையில் முதலில் கலந்து பார்த்துவிட்டு முழுதும் சேருங்கள், சிலது சட்டென்று கட்டியாக்கி அச்சில் ஊற்றவே விடாது. கிராம்பு எண்ணெய் இதில் பேர்போனது.

ஆரஞ்சுப் புள்ளி எண்ணெய் கெட்டதன் அடையாளம். சோப்பாகாமல் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை ஆகிறது. எந்தச் சோப்பில் எப்போது வரும் என்று யாராலும் முன்கூட்டி அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எது வரவழைக்கும் என்பது தெரியும். நல்லெண்ணெயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் லினோலிக் அமிலம், அது சீக்கிரம் காற்றுக்கு இடம் கொடுக்கும் வகை. உங்கள் குறிப்பில் நல்லெண்ணெய் 40 சதவீதம், அது எனக்கு அதிகமாகப் படுகிறது. பழைய எண்ணெய், ஈரம், வெயில், இரும்புத் துரு எல்லாம் சேர்ந்து வேகப்படுத்தும். இரும்புக் கம்பி வலையில் காயவைத்திருந்தால் தொட்ட இடத்தில்தான் முதலில் புள்ளி தெரியும், மூங்கில் தட்டு அல்லது தாளில் வையுங்கள். செக்கு நல்லெண்ணெய் என்றால் ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்திருப்பார்கள், அடியில் கசடு தங்கும். நாலைந்து நாள் தெளியவிட்டு மேலாக வடித்து எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த சோப்பால் தோலுக்குக் கெடுதல் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் வாடையோடு யார் குளிப்பார்கள், துணிக்குப் போட்டுவிடுங்கள்.

அடுத்த தடவைக்கு ஒரு குறிப்பு தருகிறேன், எல்லாம் கிராம் எடையில். தேங்காய் எண்ணெய் 300, பாமாயில் 500, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் 144, தண்ணீர் 290. பாமாயிலுக்கு ஒரு கிராமுக்கு 0.141 என்று வைத்து, 5 சதவீதம் குறைத்துப் போட்ட கணக்கு இது. ரேஷனில் தருகிற பாமாயிலே நன்றாக வரும், எங்கள் பக்கம் அதில் செய்து வருடக்கணக்காகக் குளிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, கட்டி கல் மாதிரி நிற்கிறது, நுரை தேங்காய் எண்ணெய் கொடுத்துவிடும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அண்ணன் கோயில் விளக்குக்கு வாங்கும் இலுப்பை எண்ணெயைப் பாமாயிலுக்குப் பதிலாகப் போட்டு அருமையாகக் கொண்டுவந்தார், நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எண்ணெய் மாற்றினால் காஸ்டிக் எடையும் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வெயிலைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. வெயில் உங்கள் இரண்டாவது சோப்பைக் கெடுக்கவில்லை, ஆனால் வேறு கூத்துகள் செய்யும். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டதும் 80, 90 டிகிரி வரை ஏறும். சித்திரையில் அது ஆற மணிக்கணக்காகும், ஆறுவதற்குள் பொறுமை இழந்து சூட்டோடு ஊற்றினால் சோப்பு நடுவில் வெடிக்கும். விடிகாலையில் ஆரம்பித்து, காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் 35, 40 டிகிரிக்கு வந்தபின் கலக்குங்கள். தேங்காய்ப்பால், கருப்பட்டி, தேன் எதைச் சேர்த்தாலும் சூடு இன்னும் ஏறும். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோப்பு அச்சைவிட்டுப் பொங்கி மேசையெல்லாம் ஓடியது. அச்சைப் போர்வையால் மூடி வேறு வைத்திருந்தார்கள். பாலை உறையவைத்து அந்தக் கட்டியில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால், மூடாமல் மின்விசிறிக்குக் கீழே வைத்தால், பொங்காது. ட்ரேஸ் என்பது தோசை மாவுப் பதம், கரண்டியிலிருந்து விழுந்த கோடு மேலேயே நின்றால் வந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று நடக்கும், சோப்பின் மேல் வியர்வை மாதிரி முத்து முத்தாக நிற்கும். சோப்பில் உள்ள கிளிசரின் காற்று ஈரத்தை இழுக்கிறது, துடைத்துவிட்டு விசிறியில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரம் காயவிடுவதை வெயில் காலத்திலும் குறைக்காதீர்கள். ஈரம் சீக்கிரம் போய்விடும், ஆனால் சோப்பு மென்மையாவதற்கு நாள்தான் வேண்டும்.

தண்ணீரும் பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், அதில் உள்ள கால்சியம் மெக்னீசியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். காஸ்டிக் கரைக்க பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது வாளி ஓரத்தில் படியும் வெள்ளையும் இதே கசடுதான், அதைப் பார்த்துச் சோப்பு சரியில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போடவேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடி எதையும் காஸ்டிக்கு பதிலாக வாங்காதீர்கள், அதில் அலுமினியத் துணுக்கு கலந்தது உண்டு. கண்ணாடி, கையுறை, ஜன்னல் திறப்பு, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம், இது எல்லாம் கட்டாயம். தோலில் பட்டால் வினிகர் தேடாதீர்கள், குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பிள்ளைக்குப் போடலாமா என்பதற்கு, முதல் தடவை செய்தது போலச் சரியாக வந்து ஆறு வாரம் காய்ந்த சோப்பு பெரியவர்களுக்குப் பிரச்சினை செய்யாது. ஆனால் கையால் செய்த எந்தச் சோப்பும் காரம்தான், தோல் லேசான அமிலம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ, கரப்பான் மாதிரி ஏதாவது உள்ள பிள்ளைக்கோ நான் கொடுக்கமாட்டேன், குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேப்பெண்ணெய், குப்பைமேனி, மஞ்சள் போட்ட சோப்பு தோல் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. உடம்பில் அரை நிமிடம் இருந்து கழுவிப்போகிற பொருளிடம் அவ்வளவு எதிர்பார்க்கக்கூடாது, சேர்ப்பதில் தப்பில்லை, வாக்குறுதி கொடுப்பதுதான் தப்பு.

கடைசியாகப் பக்கத்துத் தெருவில் விற்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கணக்கு. 1940ஆம் வருட மருந்துகள் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020ல் வந்த விதிகளும் பொருந்தும், விற்பனைக்குச் செய்வதென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பது வேறு. கொடுக்கும்போதும் எந்தத் தேதியில் செய்தது, என்னென்ன எண்ணெய், எவ்வளவு காஸ்டிக் என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். யாராவது எரிகிறது என்று வந்து சொன்னால் அந்தச் சீட்டை வைத்துத்தான் எது தப்பு என்று கண்டுபிடிக்க முடியும்.